ஓடும் வண்டிக்குள் ஒரு மின்நிலையம்

நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயிலில் ஆனித் திருவிழா நடைபெறும் நாட்களில், குறிகட்டுவான் துறையிலிருந்து யாழ்ப்பாணப் பட்டினத்துக்குத் திரும்பும் வீதி மாலை வேளையில் ஓய்ந்திருப்பதில்லை. படகிலிருந்து இறங்கிய அடியார்களை ஏற்றிக்கொண்டு பஸ்களும் வான்களும் ஒன்றையொன்று முந்திப் பறக்கும். 2023ஆம் ஆண்டு அத்தகையதொரு மாலையில், என் பன்னிரண்டு வயது மகளைப் பின்னால் இருத்திக்கொண்டு, மோட்டார் சைக்கிளில் நானும் அவ்வழியே திரும்பிக்கொண்டிருந்தேன்.

புங்குடுதீவையும் வேலணையையும் இணைக்கும் வாணர் தாம்போதியை அன்பர்கள் பலர் அறிந்திருப்பர். இரு மருங்கும் கடல். நடுவே ஒடுங்கிய வீதி. ஒதுங்கி நிற்க ஒரு மரமேனும் இல்லை. சோளகக் காற்று அலைத்துளிகளை அள்ளிக்கொண்டு வந்து முகத்தில் அறைந்தது. சூரியன் மறைந்து சிறிது நேரமாயிற்று. அவ்வேளையில், முன்விளக்கின் ஒளி மஞ்சளாகி, பழுப்பாகி, சாம்பல் பூத்த தணல்போலாகிப் பின் அவிந்தது. ஊதுகுழலை அழுத்தினேன், தொண்டை கட்டிய காகம்போல ஒரு சத்தம். அடுத்த கணம் யந்திரமும் இரண்டு முறை இருமி நின்றுவிட்டது.

வண்டியைத் தள்ளத் தொடங்கினேன். பின்விளக்கும் இல்லை. பின்னால் வந்த வான் ஒன்று எங்களைக் கண்டது எப்போது என்று அறியேன். ஒரு முழ இடைவெளியில் கடந்து சென்றது. மகளின் தோளில் தொங்கிய துணிப்பையை அதன் பக்கக் கண்ணாடி தட்டிச் சென்றதை வீடு வந்த பின்னரே அவள் சொன்னாள். அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. ஏனெனில், இது விதியின் விளையாட்டு அன்று. மூன்று வாரங்களாக அந்த வண்டி தன் நோயை எனக்குச் சொல்லிக்கொண்டே இருந்தது. கேட்கும் செவிதான் எனக்கு இல்லாமற் போயிற்று.

தாம்போதியில் வீச்சு வலையோடு நின்ற ஒருவர் எங்களைக் கண்டு நெருங்கி வந்தார். நெற்றியில் கட்டிய விளக்கு. இடுப்பில் மீன் பறி.

"என்ன ஐயா, பெற்றோல் முடிஞ்சு போச்சோ?"

"பெற்றோல் இருக்கிறது, தம்பி. வெளிச்சம்தான் முதலில் போயிற்று. பிறகு எல்லாமே போய்விட்டது."

"அப்ப சார்ஜ் ஏறேல்லை. இருக்கையைக் கழற்றுங்கோ, பாப்பம். நான் முந்திக் கராச்சிலை நின்றனான்."

அவர் ஐந்து நிமிடத்தில் நோயைக் கண்டுபிடித்தார். இருக்கைக்குக் கீழே, மூன்று மஞ்சள் வயர்கள் சேரும் வெள்ளைப் பிளாஸ்டிக் இணைப்பு ஒன்று கருகி உருகி, சூட்டில் வெடித்த புளியங்கொட்டை போலக் கிடந்தது. அதனை வெட்டி எறிந்துவிட்டு, வயர் முனைகளை உப்பு நீங்கச் சுரண்டி, இணை இணையாக முறுக்கி, வலை பொத்தும் நைலோன் நூலால் கட்டினார். அவ்வழியே வந்த ஆட்டோக்காரர் ஒருவர் மனமிரங்கி நிறுத்தித் தம் பற்றறியிலிருந்து இரண்டு வயர்களால் எங்கள் பற்றறிக்குச் சிறிது உயிர் கொடுத்தார். வண்டி கிளம்பிற்று. காசு நீட்டினேன், அந்த வலைஞர் வாங்கவில்லை. "பிள்ளையைக் கவனமாக் கொண்டுபோய்ச் சேருங்கோ" என்று மட்டும் சொன்னார்.

மோட்டார் சைக்கிளிற் செல்வோர் சக்கரத்துக் காற்றைப் பார்க்கின்றனர், எண்ணெயைப் பார்க்கின்றனர், சங்கிலியைப் பார்க்கின்றனர். வண்டிக்குள்ளே ஒரு சிறு மின்நிலையம் இரவு பகலாக இயங்குவதை மட்டும் எவரும் எண்ணிப் பார்ப்பதில்லை. நானும் அவ்வாறே இருந்தேன். அந்த மாலைக்குப் பின்னரே அதனைப் பற்றிக் கேட்டும் படித்தும் அறிந்தேன்.

பற்றறி ஒரு பானை

மின்சாரத்தைத் தருவது பற்றறி என்று நம்மவரிற் பெரும்பாலோர் எண்ணுகின்றனர். அது தவறு. பற்றறி ஒரு பானை. கிணறு வேறிடத்தில் இருக்கிறது. மைக்கேல் பரடே என்னும் ஆங்கில விஞ்ஞானி 1831ஆம் ஆண்டில் கண்ட உண்மைதான் அந்தக் கிணறு: செப்புக் கம்பிச் சுருளின் அருகே காந்தத்தை அசைத்தால், அக்கம்பியில் மின்னோட்டம் பிறக்கிறது. நமது வண்டியில், யந்திரம் சுழலும்போது அதனோடு சேர்ந்து காந்தம் பதித்த ஒரு சில்லும் சுழல்கிறது. அதற்குள்ளே அசையாமல் நிற்கும் செப்புச் சுருளைக் கராச்சுக்காரர் 'கொயில்' என்பர்.

இச்சொல்லைப் பற்றி ஒரு கதை. என் ஆச்சியார் உயிரோடு இருந்த காலத்தில், பக்கத்து வீட்டு இளைஞர் ஒருவர் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். "என்ன தம்பி?" என்று ஆச்சி கேட்க, "கொயில் எரிஞ்சு போச்சு, ஆச்சி" என்றார் அவர். ஆச்சி பதறிப்போய், "ஐயோ, எந்தக் கோயில் ராசா?" என்று நெஞ்சில் கைவைத்தார். ஊரெங்கும் கோயில்கள் எரிந்து இடிந்துகொண்டிருந்த காலம் அது. அந்தக் கேள்வியைக் கேட்டுச் சிரித்தவர்கள் பிறகு சிரிப்பை அடக்கிக்கொண்டனர்.

நிற்க. கொயிலில் பிறக்கும் மின்னோட்டம் முன்னும் பின்னுமாக மாறி மாறி ஓடுவது. பற்றறியோ ஒரு திசையில் வருவதை மட்டும் ஏற்கும். ஆகவே, இடையிலே நின்று அதனை ஒரு வழிப்படுத்துவது சீராக்கி. யந்திரம் விரைந்து சுழன்றால் வோல்ற்று மிகுதியாகும். அதனை அளவோடு நிறுத்துவது ஒழுங்காக்கி. இக்காலத்தில் இவ்விரண்டையும் ஒரே பெட்டியில், செதில் செதிலான அலுமினியக் கவசத்துள் அடைத்துவிடுகின்றனர். செதில்கள் அழகுக்காக அன்று, சூட்டை வெளியேற்றுவதற்காக. பல வண்டிகளில் இந்த ஒழுங்காக்கி வேண்டாத மின்சாரத்தைக் குறுக்கே திருப்பிவிட்டுச் சூடாக்கித்தான் ஒழிக்கிறது. எனவே, அதன் மேற் சேறு பூசிக்கிடந்தாலும், காற்றுப் படாத இடத்தில் அதனை மாற்றிப் பூட்டினாலும், அது வெந்து சாகும். விளக்கின் பாரத்தைக் குறைத்தால் கொயிலுக்கு ஓய்வு கிடைக்கும் என்று எண்ணுவோரும் உளர்; இவ்வகை ஒழுங்காக்கி உள்ள வண்டியில் அந்த ஓய்வு கிடைப்பதில்லை.

பானைக்குள் எவ்வளவு இருக்கிறது என்பதையும் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். என் வண்டியின் பற்றறி 12 வோல்ற்று, 5 அம்பியர்-மணி. பெருக்கினால் 60 வாற்று-மணி. முன்விளக்கு 35 வாற்று, பின்விளக்கு 5, தீப்பொறிக்கும் மீற்றருக்கும் இன்னும் ஒரு பத்து. ஆக 50 வாற்று. புத்தம் புதிய பற்றறியே ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல்தான் தாங்கும். யாழ்ப்பாணத்துக்கும் குறிகட்டுவானுக்கும் இடைத்தூரம் முப்பது கிலோமீற்றர் அளவு. கிணறு வற்றிய நிலையில், பானையை மட்டும் நம்பி நான் பிரயாணம் செய்திருக்கிறேன் என்பது கணக்கிலே தெளிவாகத் தெரிந்தது.

அன்றியும், இந்தியாவில் 2017ஆம் ஆண்டு சித்திரை மாதம் முதல், இருசக்கர வண்டிகளின் முன்விளக்கு யந்திரம் ஓடும்போதெல்லாம் எரியவேண்டும் என்னும் விதி வந்தது. அங்கிருந்து இறக்குமதியான என் வண்டியிலும் முன்விளக்கை அணைக்கும் சாவி இல்லை. விபத்தைத் தடுக்கும் நல்ல விதிதான், மறுக்கவில்லை. ஆனால், நண்பகலிலும் அந்தச் சிறு மின்நிலையம் சும்மா இருக்க முடியாதபடி ஆயிற்று. இதற்குமேல் நம் இளைஞர்கள் நீல விளக்கு, புகைமூட்ட விளக்கு, இரட்டை ஊதுகுழல் என்று பூட்டுகிறார்கள். அவர்களைக் கண்டிக்க எனக்குத் தகுதியில்லை. என் வண்டியிலும் கைத்தொலைபேசிக்குச் சார்ஜ் ஏற்றும் துளை ஒன்று இருந்தது.

இரண்டு உயிர் உள்ள வண்டிகள்

என் பெரியப்பாவிடம் பழைய பி.எஸ்.ஏ. ஒன்று இருந்தது. அதன் விளக்கு நின்று நின்று எரியும். ஆனால் வண்டி வழியில் நின்றதாக நான் கேள்விப்பட்டதில்லை. காரணம் இப்போது விளங்குகிறது. அக்காலத்து ஆங்கிலேய வண்டிகள் பலவற்றில் இரண்டு மின்நிலையங்கள் இருந்தன. தீப்பொறிக்கு மக்னீற்றோ என்னும் தனி யந்திரம். விளக்குக்கும் பற்றறிக்கும் டைனமோ என்னும் வேறு யந்திரம். டைனமோ செத்தாலும் மக்னீற்றோ சாகாது. இருட்டிலே தட்டித் தடவியாவது வீடு வந்து சேரலாம்.

அந்த டைனமோக்களைச் செய்து கொடுத்த கம்பனிகளுள் முதன்மையானது பேர்மிங்காம் நகரத்து லூக்காஸ் கம்பனி. அதன் மூலபுருஷர் யோசப் லூக்காஸ் மண்ணெண்ணெயும் விளக்கும் விற்றுத் தொழில் தொடங்கியவர். 'வீதியின் அரசன்' என்பது அவர் விற்ற சைக்கிள் விளக்கின் பெயர். பிற்காலத்தில், விளக்கு நின்று நடு வீதியில் தவித்த ஆங்கிலேயர்கள் அவருக்கு 'இருளின் இளவரசன்' என்று வேடிக்கைப் பட்டம் சூட்டினர். அந்தப் பட்டம் முழுதும் நியாயமானதென்று சொல்ல மாட்டேன். அக்காலத்து 6 வோல்ற்று, 60 வாற்று டைனமோவிடம் இன்றைய வெளிச்சத்தை எதிர்பார்த்தல் நியாயமாகுமா? கார்பன் தூரிகை தேய்ந்தாலோ, 'கட்-அவுட்' என்ற தொடுகையிற் கரி படிந்தாலோ, சொந்தக்காரர் உப்புத்தாளால் துடைக்கவேண்டும் என்பது அக்கால நியதி. துடையாதவர் இருளில் நின்றார்.

1953ஆம் ஆண்டில் ட்ரையம்ப் கம்பனியார் தமது 'ஸ்பீட் ட்வின்' வண்டியில் மக்னீற்றோவையும் டைனமோவையும் நீக்கிவிட்டு, ஒரே ஓல்ற்றனேற்றரையும் கொயில் தீப்பொறியையும் வைத்தனர். அதிலே ஒரு நுட்பம் பாராட்டத்தக்கது. பற்றறி முற்றாகச் செத்திருந்தாலும் வண்டியைக் கிளப்புவதற்கு, சாவியில் 'ஆபத்து' நிலை ஒன்றை வைத்திருந்தனர். அந்நிலையில் ஓல்ற்றனேற்றரின் சக்தி நேரே தீப்பொறிக்குச் செல்லும். வழியில் நிற்பவனை மனத்தில் நினைத்து ஒருவன் வரைந்த படம் அது.

பிறகு சப்பானிய வண்டிகள் வந்தன. ஹொண்டா கம்பனியின் 'சூப்பர் கப்' 1958இல் பிறந்தது. 2017ஆம் ஆண்டில் அதன் எண்ணிக்கை பத்துக் கோடியைத் தாண்டிற்று. சப்பான் நாட்டுத் தபாற்காரருக்கென்று செய்த எம்.டி. 90 வண்டியை நம் வடபகுதியில் அறியாதவர் குறைவு. பழைய சிறு வண்டிகள் பலவற்றிலே, காந்தச் சில்லின் ஒரு சுருள் தீப்பொறிக்கென்றே ஒதுக்கப்பட்டிருந்தது. பற்றறியைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டும் அவற்றை ஓட்டலாம். இன்றைய வண்டிகளில் அநேகமானவை அப்படியல்ல. பற்றறி சாகும்போது விளக்கு, ஊதுகுழல், தீப்பொறி மூன்றும் ஒன்றாய்ச் சாகின்றன. முன்னேற்றம் என்று எல்லாவற்றையும் வரவேற்கும் என் மனம் இந்த ஒன்றில் மட்டும் பெரியப்பாவின் பக்கமே நிற்கிறது.

மிதித்துக் கேட்ட செய்தி

மின்சாரத்தின் அருமையை யாழ்ப்பாணத்தவருக்கு எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 1990ஆம் ஆண்டு ஆனி மாதத்தில் போர் மீண்டும் மூண்டபோது குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றது. பொருளாதாரத் தடை வந்தது. பெற்றோலும் பற்றறியும் தடைப்பட்ட பொருள்களாயின. ஜாம் போத்தலில் சிறிது மண்ணெண்ணெயும் பஞ்சும் இட்டுச் செய்த விளக்கின் கீழே எங்கள் தலைமுறை படித்தது.

மோட்டார் சைக்கிள்கள் மண்ணெண்ணெயில் ஓடின. சிறு போத்தலில் வைத்திருக்கும் பெற்றோலைச் சில துளி விட்டுக் கிளப்புவர். யந்திரம் சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவர். பெற்றோலைப்போல மண்ணெண்ணெய் எளிதில் ஆவியாவதில்லை. ஆகையால் பிளக் கரி பிடிக்கும். தீப்பொறி சற்று மெலிந்தாலும் வண்டி கிளம்பாது. பற்றறியோ வாங்கக் கிடையாது. அந்நாட்களில் காந்தச் சில்லை நம்பிய பழைய வண்டிகளுக்கே மதிப்பிருந்தது என்றால் வியப்பில்லை.

செய்தி கேட்பதற்கு வழி? அங்கேதான் சைக்கிள் டைனமோ வந்தது. அந்நாளில் பல வீடுகளிற் கண்ட காட்சி இது: சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, மிதிகட்டையைக் கையாற் சுழற்றுவர், சக்கரம் டைனமோவை உருட்டும், டைனமோ றேடியோவைப் பேசவைக்கும். எங்கள் வீட்டில் சுழற்றும் பணி எனக்குரியது. அப்போது எனக்கும் பன்னிரண்டு, பதின்மூன்று வயதுதான். இரவு லண்டன் பி.பி.சி. தமிழோசை தொடங்கும்போது அயலார் பத்துப் பதினைந்து பேர் முற்றத்தில் கூடிவிடுவர். நான் கை சோர்ந்து மெதுவாகச் சுழற்றினால் செய்தி முனகும். உற்சாகத்தில் வேகமாகச் சுழற்றினால் இரையும். "ஒரே சீராய்ச் சுத்தடா!" என்று இருட்டிலிருந்து ஒரு குரல் வரும். இப்போது நினைத்தால், அந்த மின்நிலையத்தின் ஒழுங்காக்கி நான்தான்.

சைக்கிள் டைனமோ 6 வோல்ற்று, 3 வாற்று அளவினது. பெயர் டைனமோவாயினும் அது தருவது முன்னும் பின்னும் ஓடும் மின்னோட்டமே. அதனை அப்படியே றேடியோவுக்குக் கொடுத்தால் இரைச்சலைத் தவிர வேறொன்றும் வராது. பழுதான றேடியோ ஒன்றிலிருந்து நான்கு டயோட்டுகளையும் ஒரு கொள்ளளவியையும் கழற்றி, அவற்றைச் சிறு பலகையில் பூட்டித் தந்தார் என் மைத்துனர் ஒருவர். மோட்டார் சைக்கிளின் சீராக்கியும் அதே தத்துவந்தான் என்பதை, முப்பது ஆண்டு கழித்து, கருகிய இணைப்பைக் கையில் வைத்துக்கொண்டிருந்தபோதுதான் உணர்ந்தேன்.

உப்பும் கிணற்று நீரும்

இனி என் வண்டியின் நோய்க்கு வருவோம். தாம்போதிச் சம்பவத்துக்கு மூன்று வாரம் முன்னர், காலையில் ஸ்ராற்றர் முனகத் தொடங்கிற்று. நகரத்திலுள்ள ஒரு கராச்சுக்குக் கொண்டு சென்றேன். "பற்றறி செத்துப்போச்சு" என்று புதியது பூட்டித் தந்தனர். நான்கு நாள் வண்டி குதிரைபோல் ஓடிற்று. பின்னர், இரவில் திருப்பு விளக்குப் போட்டால் முன்விளக்கும் கூடவே துடித்தது. ஊதுகுழலின் சுருதி இறங்கியது. நயினாதீவுக்குப் புறப்பட்ட காலையிலும் ஸ்ராற்றர் ஒரு முறை தயங்கியது. கோயிலுக்குப் போகும் அவசரத்தில், உதைத்துக் கிளப்பிக்கொண்டு போனேன்.

புதிய பற்றறியில் குற்றமில்லை, பழையதிலுங்கூட இருந்திராது. குற்றம் வழியில் இருந்தது. கொயிலிலிருந்து வரும் மூன்று வயர்களும் சீராக்கியை நோக்கிச் செல்லும் இணைப்பில் உப்புக் காற்று படிந்து செப்பில் பச்சைக் களிம்பு பிடித்திருந்தது. களிம்பு மின்சாரத்தை மறிக்கும். மறித்த இடம் சூடேறும். சிறு கணக்கு ஒன்று: 10 அம்பியர் ஓடும் வழியிலே ஓர் ஓமின் பத்தில் ஒரு பங்கு தடை இருந்தாற் போதும், ஒரு வோல்ற்று அங்கேயே தொலைந்து, 10 வாற்று சூடாகிறது. விரல் நுனியளவான பிளாஸ்டிக்குக்குள் 10 வாற்று! சூட்டினால் தொடுகை மேலும் தளரும். தளரத் தளர மேலும் சூடு. முதலில் ஒரு வயர் கருகியது. மற்ற இரண்டும் அரைகுறையாகப் பற்றறியை ஊட்டின. அன்றைய மாலைக் காற்றிலே இரண்டாவதும் போயிற்று. ஒற்றை வயரால் ஆவதொன்றுமில்லை. மின்சாரம் போவதற்கு ஒரு வழியும் திரும்புவதற்கு ஒரு வழியும் வேண்டும்.

மின்சாரம் பற்றறிக்குத் திரும்பும் வழி வண்டியின் இரும்புச் சட்டமே. பற்றறியின் ஒரு முனையை அச்சட்டத்தோடு இணைப்பதை 'ஏர்த்' என்பர். பழைய லூக்காஸ் பூட்டிய வண்டிகளில் நேர்முனையைச் சட்டத்தோடு இணைப்பது வழக்கம், இப்போது எதிர்முனை. பழைய வண்டி வாங்கியவர் இதனை அறியாமல் பற்றறியை மாறிப் பூட்டினால் அதன் சீராக்கிக்கு அன்றே ஈமக்கிரியைதான். சட்டத்துக்குப் புதிதாகப் பெயின்ற் அடித்தவர்களும் ஏர்த் வயர் தொடும் இடத்தை மட்டும் சுரண்டிவிட மறந்து, பிறகு மாதக்கணக்கில் 'வயறிங் கோளாறு' தேடுவர்.

எங்கள் ஊருக்கே உரிய மற்றொரு நோயும் உண்டு. யாழ்ப்பாணக் குடாநாடு சுண்ணாம்புக்கல்லின் மேல் கிடப்பது. கேத்திலின் அடியில் வெள்ளைப் படலம் கட்டுவதைப் பார்க்காத இல்லத்தரசியர் இங்கு இல்லை. அதே கிணற்று நீரைப் பற்றறிக்குள் ஊற்றுவோர் இன்னும் இருக்கின்றனர். மூடி திறக்கக்கூடிய பற்றறியில் வெயிலாலும் சார்ஜ் ஏறுவதாலும் குறைவது நீர் மட்டுமே, அமிலம் அன்று. ஆதலால் அமிலமும் விடலாகாது. விடவேண்டியது காய்ச்சி வடித்த நீர். கடைகளில் போத்தலில் கிடைக்கிறது. கிணற்று நீரில் உள்ள சுண்ணாம்பும், கரையோரக் கிணறுகளில் உள்ள உப்பும் ஈயத் தகடுகளைக் கெடுத்துவிடும். சார்ஜ் இறங்கிய நிலையில் வாரக்கணக்கில் விடப்பட்ட பற்றறியின் தகடுகளில் வெள்ளைப் பொருக்குக் கட்டிவிடும். பிறகு எவ்வளவு ஏற்றினாலும் அது பழைய நிலைக்கு வருவதில்லை. வெளிநாட்டுக்குப் போகும்போது வண்டியைப் போர்த்து மூடிவிட்டுப் போகும் உறவினர், ஏர்த் வயரைக் கழற்றிவிட்டுப் போவாராயின் பற்றறி சிறிது காலமாவது தாக்குப்பிடிக்கும்.

இன்னுமொரு வழக்கத்தைப் பற்றிச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. சார்ஜ் ஏறுகிறதா என்று பார்ப்பதற்கு, யந்திரம் ஓடும்போது பற்றறி வயரைக் கழற்றிப் பார்க்கிறார்கள். டைனமோ காலத்தில் வந்த வழக்கம் அது. இன்றைய வண்டியில் பற்றறியே அதிர்ச்சி தாங்கும் மெத்தை. ஓடும்போது அதனை எடுத்துவிட்டால் வோல்ற்று திடீரெனப் பாய்ந்து, ஒழுங்காக்கியையும் தீப்பொறிப் பெட்டியையும் ஒருங்கே கொன்றுவிடலாம். சோதனை செய்யப்போய் நோயாளியைக் கொல்லும் வைத்தியம்.

சரியான சோதனைக்கு மல்ற்றிமீற்றர் என்ற சிறு கருவி போதும், விலை அதிகமில்லை. சில மணி நேரம் ஓய்வில் இருந்த நல்ல பற்றறி 12.6 வோல்ற்று அளவு காட்டும். 12க்கு இறங்கினால் பானை ஏறக்குறைய வெறுமை. யந்திரத்தைக் கிளப்பிச் சிறிது முறுக்கினால் பதின்மூன்றரைக்கும் பதினான்கரைக்கும் இடையில் ஏறி நிற்க வேண்டும். ஏறாவிடில் கொயில், இணைப்பு, சீராக்கி ஆகிய மூன்றில் ஒன்றில் குறை. பதினைந்தைத் தாண்டினால் ஒழுங்காக்கி ஒழுங்கு தவறிவிட்டது. பற்றறி கொதிக்கும், விளக்குகள் ஒன்றன்பின் ஒன்றாக எரிந்துபோகும். கொயிலைத் தனியே சோதிக்க விரும்புவோர் மூன்று வயர்களையும் கழற்றி, இரண்டிரண்டாக அளக்கலாம்; மூன்று அளவும் ஒன்றாக இருக்க வேண்டும்; எந்த ஒன்றும் சட்டத்தோடு தொடுப்பு உடையதாக இருத்தலாகாது.

இந்தக் கருவியை வைத்து அளக்காமல், புதிய பற்றறியை எனக்குப் பூட்டித் தந்தவர்களை நான் பெரிதாகக் குறைசொல்லவில்லை. 2020ஆம் ஆண்டு பங்குனியில் நம் நாட்டுக்கு வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியாருக்கு அது மீண்டும் திறந்தது 2025ஆம் ஆண்டு மாசி மாதத்தில். இடையில் 2022இன் நெருக்கடியும் வந்தது. அந்த ஆண்டுகளில் பழைய வண்டிகளைத் தாங்கிப் பிடித்தவர்கள் கராச்சுக்காரரே. கருகிய கொயிலிலிருந்து கம்பியைச் சுற்றுச் சுற்றாக எண்ணிக் கழற்றி, அதே தடிப்பில் புதுக்கம்பி தேடி, அதே எண்ணிக்கையில் சுற்றி, வார்னிஷ் பூசித் தரும் கைகளை நான் பார்த்திருக்கிறேன். ஒரு சுற்றுக் குறைந்தால் என்ன என்று கேட்டேன். "ஒரு சுத்துக் குறைஞ்சால் ஒண்டும் தெரியாது, அண்ணை. பத்துக் குறைஞ்சால் இருட்டிலைதான் தெரியும்" என்றார் அவர், தலை நிமிராமல்.

நைலோன் நூற் கட்டு மறுநாளே அவிழ்க்கப்பட்டது. வயர்களை ஈயத்தால் ஒட்டி, றப்பர் உறை போட்டு, மற்ற இணைப்புகளுக்கு உப்பு ஏறாதபடி கிறீஸ் பூசினோம். கருகிய இணைப்புத் துண்டு என் மகளின் கொம்பாஸ் பெட்டிக்குள் இருக்கிறது; பாடசாலையிற் காட்டுவதற்கென்று வாங்கிக்கொண்டாள். மல்ற்றிமீற்றரும் அவள் வசந்தான். ஞாயிறு காலைகளில் வண்டியைக் கிளப்பச் சொல்லிவிட்டு, சிவப்பு முனையையும் கறுப்பு முனையையும் பற்றறியில் வைத்து, எண்ணை வாசித்து, சமையலறைக் கலண்டரில் அந்தத் தேதியின் கீழ்ப் பென்சிலால் எழுதிவைக்கிறாள். பால்காரருக்குக் கொடுக்கவேண்டிய கணக்குக்குப் பக்கத்தில், கடந்த ஞாயிற்றுக்கிழமைக்கு நேரே 14.1 என்று இருக்கிறது.